ஒரு தட்டு பதமாகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. பானையில் கொதிக்கும் அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரத்தில் வேகிறது. ஆதலால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் மற்றவற்றின் நிலை விளங்கிவிடும். இப்பழமொழி பிறந்த அடுக்களைக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு தட்டு உணவையும் தனித்தனியே, வெவ்வேறு நேரத்தில் சமைக்கின்ற ஓர் அடுக்களையைக் குறித்தும் இதே அளவுகோலைக் கொண்டு தீர்ப்புக் கூறலாமா? இத்திங்கள் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இவ்வினாவை எழுப்பியவர்கள் நம் வாசகர்களே. கொல்கத்தா நகருக்குச் சென்று, அன்னை இல்லத்தில் புனித அன்னை தெரேசாவின் கல்லறையருகே செபித்துத் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவ்வாறு செல்வோரிடம் அந்நகரில் வாழும் உறவினரும் நண்பரும் தவறாது கூறும் அறிவுரை ஒன்றுண்டு: "டாங்ராவுக்குப் போய்ச் சீன உணவு உண்ணாமல் திரும்பாதீர்கள்." அன்னை இல்லத்திலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள பகுதி டாங்ரா. கடந்த ஓராண்டில் நான்கு குடும்பத்தினர் அங்குள்ள ஒரே உணவகத்தின் உணவை உண்டுவிட்டு வந்து, தத்தம் அனுபவத்தை நம்மிடம் கூறினர். நால்வர் கூறியதும் நான்கு விதம். அவ்வுணவகத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. நாமும் அங்கு இருமுறை உண்டிருக்கிறோம்.

நான்கு குடும்பங்கள், நான்கு தீர்ப்புகள்

முதலாவது குடும்பம், பணி ஓய்வு பெற்ற ஆசிரியரும் அவர் துணைவியாரும். கொல்கத்தாவில் பணிபுரியும் மகன் அவர்களை ஒரு புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு அழைத்துச் சென்றார். ஒரு சூப், இஞ்சியும் வெங்காயத்தாளும் இட்டு ஆவியில் வேகவைத்த மீன், கீரை, வெறும் சோறு என்று மகனே தெரிவு செய்தார். "இத்தனை எளிய உணவு இத்தனை சுவையாக இருக்கும் என்று நாங்கள் நினைக்கவேயில்லை" என்கிறார் அவ்வம்மையார்.

இரண்டாவதாகச் சென்றவர்கள், மூன்று வீட்டார் சேர்ந்த பதினெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. பதினான்கு வகை உணவுகளைக் கேட்டார்கள். முதல் தட்டு வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. நூடுல்ஸ் குழைந்து, ஆறிப்போய் வந்தது. கேட்காத உணவொன்று வந்தது. கேட்ட உணவொன்று வரவேயில்லை. இறுதியில் வந்த பில்லில் சேவைக் கட்டணம் என்று பத்து விழுக்காடு சேர்க்கப்பட்டிருந்தது. "அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டோம்" என்பது அவர்கள் தீர்ப்பு.

மூன்றாவது குடும்பத்தினர் அங்கு அமர்ந்து உண்ணவில்லை. இரவு ரயிலில் உண்பதற்காகக் கோபி மஞ்சூரியனும் பிரைடு ரைசும் பார்சலாகப் பெற்றுக்கொண்டு ஹௌரா நிலையம் சென்றார்கள். பிரித்துப் பார்த்தபோது கோபி மஞ்சூரியன் நம் ஊரில் இருப்பதுபோல் சிவப்பாகவும் இல்லை, மொறுமொறுப்பாகவும் இல்லை. "இது சீன உணவே அன்று, நம் ஊர்த் தள்ளுவண்டியில் இதைவிட நன்றாக இருக்கும்" என்றார் குடும்பத் தலைவர்.

நான்காவது குடும்பத்தின் தாயாருக்கு அன்றிரவு கடுமையான தலைவலி. "எல்லாம் அந்த அஜினோமோட்டோ செய்த வேலை" என்று அவர் முடிவு செய்தார். ஊர் திரும்பிய பின் தாம் சேர்ந்திருக்கும் மகளிர் சங்கக் கூட்டத்திலும் இதைக் கூறினார். அங்கிருந்த ஒருவர், "அவர்கள் என்ன இறைச்சி போடுகிறார்களோ, யார் கண்டது!" என்று தம் பங்கையும் சேர்த்தார். கூட்டம் கலையும்போது தலைவலி பின்னே தங்கிவிட்டது. இறைச்சி வீடு வீடாகச் சென்றது.

ஒரே அடுக்களை, ஒரே சமையற்காரர்கள். இந்நால்வருள் எவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் உண்மை எது? இதைக் காண, முதலில் அந்த உணவகத்தை நடத்துபவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொள்வது நன்று.

டாங்ராவின் மக்கள்

18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், டோங் அச்சூ என்ற சீனர் வங்காளத்திற்கு வந்தார். பஜ்பஜ் என்னும் ஊருக்கு அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை ஒன்றையும் நிறுவினார். அவர் பெயராலேயே அவ்விடம் இன்றும் அச்சிப்பூர் என வழங்குகிறது. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்குள்ள அவர் கல்லறைக்குச் சென்று வணங்குவது வழக்கம்.

அவரைத் தொடர்ந்து பல தலைமுறைகளாகச் சீனர் பலர் இங்கு வந்தனர். கான்டன் பகுதியினர் தச்சுத் தொழிலில் சிறந்தனர். ஹூபெய் மாகாணத்தார் பல் மருத்துவத்தில் ஈடுபட்டனர். ஹக்கா என்ற பிரிவினர் காலணி செய்வதையும் தோல் பதனிடுவதையும் மேற்கொண்டனர். தோல் தொழிலைத் தீட்டாகக் கருதிப் பிறர் ஒதுங்கியிருந்த நாளில், அதை இவர்கள் மனமுவந்து ஏற்றனர். நகரின் கிழக்கு விளிம்பில் சதுப்பு நிலமாகக் கிடந்த டாங்ராவில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அவர்களுடைய தோல் பதனிடும் கூடங்கள் பெருகின.

இந்நிலையில் 1962 அக்டோபர் 20 அன்று சீனப் போர் மூண்டது. இங்கேயே பிறந்து, இம்மண்ணின் மொழியைப் பேசி வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஒரே நாளில் ஐயத்திற்கு உரியவர்களாயினர். ஏறத்தாழ 3,000 பேர், முதியோரும் குழந்தைகளும் உட்பட, இராஜஸ்தானில் உள்ள தேவலி முகாமுக்கு ரயிலில் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள்மீது வழக்கு நடத்தப்படவில்லை; குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. போர் ஒரு திங்களில் நின்றது. ஆனால் சிலர் 1967 வரை முகாமிலேயே இருந்தனர். திரும்பி வந்தவர்களுள் பலர் தம் வீடும் கடையும் கைமாறிப் போயிருக்கக் கண்டனர். முகாமுக்குச் செல்லாதவர்களும் நகரை விட்டு வெளியே செல்வதற்குக் காவல் துறையின் அனுமதி பெறவேண்டியிருந்தது. மனம் கசந்து ஆயிரக்கணக்கானோர் நாட்டை விட்டே வெளியேறினர். கனடாவின் டொராண்டோ நகரில் இன்று ஒரு பெரிய கொல்கத்தாச் சீனச் சமூகமே வாழ்கிறது.

எஞ்சியிருந்தவர்களுக்கு மற்றொரு சோதனை 1996-இல் வந்தது. கழிவுநீர் மாசு காரணமாகக் கொல்கத்தாவின் தோல் கூடங்கள் நகரை விட்டு அகலவேண்டும் என்று அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணையில் நியாயம் இருந்தது. எனினும் புதிய இடத்தில் புதிய கூடம் அமைக்க எல்லாராலும் இயலவில்லை. டாங்ராவில் அதற்கு முன்னரே சில உணவகங்கள் தோன்றியிருந்தன. தொழிலை இழந்த வேறு சில குடும்பங்களும் தோல் காய்ந்த கூடங்களைக் கழுவி, வெள்ளையடித்து, மேசை நாற்காலி போட்டன. டாங்ரா உணவுக்குப் பெயர்பெற்ற இடமாக வளர்ந்த வரலாறு இதுவே. அங்குக் காளி கோவில் ஒன்றும் உண்டு. சீனக் குடும்பத்தார் பேணும் அக்கோவிலில் நூடுல்ஸ் படையலாக வைக்கப்படுகிறது.

நாம் சென்ற உணவகத்தில் கல்லாப்பெட்டியின் அருகே ஒரு மூதாட்டியார் அமர்ந்திருந்தார். தம் மகளிடம் ஹக்கா மொழியிலும், சமையற்காரரிடம் வங்காளத்திலும், நம்மிடம் இந்தியிலும் பேசினார். பேரப்பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள் என்றார். தமக்குப் பிறகு இதை யார் நடத்துவார் என்று நாம் கேட்டதற்குச் சிரித்தார், விடை கூறவில்லை.

அடுப்பின் இயல்பு

இனி, அடுக்களைக்குள் செல்வோம். சீனச் சமையலின் உயிர், வளைந்த அடியுடைய மெல்லிய இரும்பு வாணலி. அதன் கீழே நம் வீட்டு அடுப்பைப்போல் பன்மடங்கு வேகத்தில் நெருப்பு சீறுகிறது. எண்ணெய் புகையும் நிலையில் பூண்டும் இஞ்சியும் விழும். அடுத்த நொடியில் காய்கள். பிறகு சோறோ நூடுல்சோ. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கடும் வெப்பத்தில் காய்களின் நீர் உடனே ஆவியாகிவிடுவதால் அவை நிறம் மாறாமல், கடிக்கும்போது நறுக்கென்றிருக்கும்.

ஆனால் அந்த வாணலி ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தட்டு உணவைத்தான் தாங்கும். அவசரத்தில் ஆறு தட்டுக்கு உரியதை ஒருங்கே கொட்டினால் வாணலியின் சூடு இறங்கிவிடுகிறது. காய்கள் விடும் நீர் ஆவியாகாமல் தேங்குகிறது. வறுபட வேண்டியவை அவிகின்றன, நூடுல்ஸ் குழைகிறது. சமையற்காரர் அவரே, சாமான்களும் அவையே, சுவை மட்டும் வேறு. பிரைடு ரைஸ் உதிரியாக இருக்க, சோறு முன்னதாகவே வடித்து ஆறவைக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டம் மிகுந்த இரவில் ஆறிய சோறு தீர்ந்துவிட்டால் சூடான சோற்றையே வாணலியில் போடுவார்கள், அது பிசுபிசுக்கும்.

இதைக் கொண்டு முதல் இரு குடும்பங்களின் அனுபவத்தை நோக்குவோம். ஆசிரியர் குடும்பம் சென்றபோது மூன்று மேசைகளில்தான் ஆட்கள் இருந்தனர். கேட்டவை நான்கே உணவுகள். அவற்றுள் சோறும் சூப்பும் முன்னரே ஆயத்தமாக இருப்பவை. பதினெட்டுப் பேர் சென்ற ஞாயிறு இரவிலோ வாயிலிலும் மக்கள் நின்றனர். பதினான்கு வகை என்றால் பதினான்கு முறை வாணலியைக் கழுவிப் புதிதாகத் தொடங்கவேண்டும். முதலில் ஆனது பிற உணவுகளுக்காகக் காத்திருந்து ஆறும். இறுதியில் ஆவது அவசரத்தில் கெடும்.

இவ்வாறு கூறுவதால் உணவகத்தின் பிழைகளை மறைக்கிறோம் என்று எண்ணவேண்டாம். ஐம்பது நிமிடம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆறிய உணவைப் பரிமாறியதும், தவறான தட்டைக் கொண்டுவந்ததும், அதற்கு ஒரு சொல் வருத்தம் தெரிவிக்காததும் குறைகளே. விலை கொடுப்பவருக்கு அவற்றைச் சுட்டிக்காட்ட முழு உரிமையுண்டு. ஆயினும், "அன்றிரவு எங்களுக்குச் சரியாகப் பரிமாறவில்லை" என்பது சான்று. "அங்கு உணவு நன்றாயிராது" என்பது தீர்ப்பு. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவிவிடுகிறோம் அன்றோ?

"இது சீன உணவே அன்று"

மூன்றாவது குடும்பத் தலைவரின் குறை சுவையானது. கோபி மஞ்சூரியன் சீன உணவாக இல்லையாம்! உண்மையில் அது ஒருபோதும் சீன உணவாக இருந்ததில்லை. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்காரர் நெல்சன் வாங் என்பவர், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் பணியாற்றியபோது, புதிதாக ஏதேனும் செய்து தருமாறு கேட்ட ஒருவருக்காக இதைத் தோற்றுவித்தார் என்று கூறப்படுகிறது. நம் நாட்டுக் குழம்புக்கு அடித்தளமான இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கினார். கரம் மசாலைக்குப் பதிலாகச் சோயா சாசும் மக்காச்சோள மாவும் சேர்த்து, பொரித்த கோழியை அதில் புரட்டினார். மஞ்சூரியா என்ற சீனப் பகுதிக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. பின்னர்க் கோழியின் இடத்தில் பூக்கோசு வந்தது. சைவ உணவினரிடையேயும் அது பரவிற்று.

ஆகவே டாங்ராவில் நாம் உண்பதும், நம் ஊர்த் தள்ளுவண்டியில் உண்பதும் இந்தியச் சீன உணவின் இரு கிளைகள். ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றொன்றை அளப்பது, நெல்லைச் சொதியைக் கொண்டு செட்டிநாட்டுக் குழம்பை அளப்பதை ஒக்கும். தம் வீட்டுச் சுவையை எதிர்பார்த்துச் செல்பவர் வேறொன்றைக் கண்டு ஏமாறுகிறார். அந்த ஏமாற்றம் உண்மையே. ஆனால் அதற்குச் சமையற்காரர் பொறுப்பல்லர்.

மொறுமொறுப்பு இன்மைக்குக் காரணம் இன்னும் எளிது. பொரித்த பொருளைச் சூட்டோடு மூடிய பெட்டியில் அடைத்தால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். சாசும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஊறினால் எதுதான் மொறுமொறுப்பாக இருக்கும்? பயணத்திற்கு வாங்குவோர் குழம்பைத் தனியே தரச் சொல்வது நலம்.

அவர் குறைபட்ட நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். தள்ளுவண்டியில் நாம் காணும் கொழுந்துவிட்ட சிவப்பு பெரும்பாலும் மிளகாயின் நிறமன்று. செயற்கைச் சாயத்தின் நிறம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு, கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடைசெய்தது. சோதனைக்கு எடுத்த மாதிரிகள் பலவற்றில் பாதுகாப்பற்ற சாயங்கள் இருந்தமையே காரணம். டாங்ராத் தட்டு மங்கிய பழுப்பாக இருந்ததெனில், அது அவ்வுணவகத்தைப் பாராட்டுவதற்குரிய செய்தி!

தலைவலியும் வெள்ளைத் தூளும்

இனி நான்காவது அம்மையாரின் தலைவலி. 1908-இல் தோக்கியோப் பேராசிரியர் கிகுனே இக்கேடா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் எனக் கண்டறிந்தார். அதன் உப்பு வடிவமே மோனோசோடியம் குளூட்டமேட். அதை விற்ற நிறுவனத்தின் பெயரால் நாம் அஜினோமோட்டோ என்கிறோம். குளூட்டமேட் தக்காளியிலும் காளானிலும் பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது.

அப்படியிருக்க இந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது? 1968-இல் அமெரிக்காவில் வாழ்ந்த சீன மருத்துவர் இராபர்ட் ஹோ மான் குவோக், அந்நாட்டு மருத்துவ ஏடொன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீன உணவகங்களில் உண்ட பின் தமக்குக் கழுத்தில் மரமரப்பும் படபடப்பும் தோன்றுவதாகக் கூறி, சோயா சாசோ, சமையல் மதுவோ, மிகுந்த உப்போ, குளூட்டமேட்டோ காரணமாகலாம் என வினவியிருந்தார். அவர் கேட்டது வினா. உலகம் அதை விடையாக எடுத்துக்கொண்டது. பல காரணங்களுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டது. நோய்க்கும் சீன உணவகத்தின் பெயரையே இட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள், உணவில் வழக்கமாகச் சேரும் அளவு அத்தகைய துன்பத்தைத் தருகிறது என்பதை நிலைநாட்டவில்லை. வேறு உணவின்றி மூன்று கிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட சிலருக்கு மட்டும் தலைவலி போன்ற சிறு துன்பங்கள் சிறிது நேரம் தோன்றக்கூடும் என்றும், ஒரு வேளை உணவில் இருப்பது பொதுவாக அரைக் கிராமுக்கும் குறைவே என்றும் அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் கூறுகிறது.

அம்மையாரின் தலைவலி உண்மை. அன்று பகல் முழுவதும் வெயிலில் நடந்ததையும், தண்ணீர் சரியாகக் குடிக்காததையும் அவரே நம்மிடம் கூறினார். எது காரணம் என்று நம்மால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது, அவராலும் இயலாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அஞ்சவேண்டியது வேறொன்று: ஒரு மேசைக்கரண்டி சோயா சாசில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே கொள்ளவேண்டும் என்பது உலக நல வாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. நம் வீட்டு ஊறுகாய்க்கும் அப்பளத்திற்கும் கருவாட்டுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அவற்றை நாம் ஐயுறுவதில்லை; ஏனெனில் அவை நம்முடையவை.

பில்லில் கவனிக்க வேண்டியது

பதினெட்டுப் பேர் குழுவின் முறையீடுகளுள் ஒன்று முழுக்க நியாயமானது. கேளாமலே சேவைக் கட்டணத்தைப் பில்லில் சேர்த்தல் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வகுத்தது. அந்நெறிமுறை செல்லும் என 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். பரிமாறியவருக்கு அன்பளிப்புத் தருவது நம் விருப்பம். சரக்கு, சேவை வரியைப்போல் கட்டாயமன்று. அதை நீக்கும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் அன்று அக்குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முழுத் தொகையையும் செலுத்திவிட்டு, விடுதிக்குச் செல்லும் வழியெல்லாம் பேசினார்கள். யாரிடம் சொன்னால் குறை தீருமோ அவரிடம் சொல்லாமல், யாரிடம் சொன்னாலும் பயனில்லையோ அவர்களிடமெல்லாம் சொல்வது நம்மிடையே வேரூன்றிவிட்ட வழக்கம்.

உண்பதும் முறையிடுவதும்

குடும்பத்தோடு இத்தகைய இடங்களுக்குச் செல்வோருக்குச் சில யோசனைகள்:

கூட்டம் குறைந்த நாளையும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பலராகச் சென்றால் முன்னரே தெரிவித்துவிடுங்கள். உணவு வகைகளைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் அளவைக் கூட்டுங்கள்.

சீன மேசையில் ஆளுக்கொரு தட்டு என்பது வழக்கமன்று. நடுவில் வைத்து எல்லாரும் பகிர்ந்து உண்பதே முறை. ஒரு சூப், ஒரு காய், ஒரு மீன் அல்லது கோழி, இவற்றோடு வெறும் சோறு. பொரித்தது ஒன்று போதும். எல்லாமே பொரித்ததாகவும் சாசில் புரண்டதாகவும் இருந்தால் நான்காவது கவளத்தில் நாக்கு சலித்துவிடும்.

"இங்கு எது நன்றாக இருக்கும்?" என்று பரிமாறுபவரிடம் கேளுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் உண்ணும் முன்னர்ச் சொல்லவேண்டும். இறால், நிலக்கடலை போன்றவை சிலருக்கு உயிராபத்தையே விளைவிக்கும்.

குறை இருந்தால் தட்டு நிறைந்திருக்கும்போதே, குரல் உயர்த்தாமல், பொறுப்பில் இருப்பவரிடம் கூறுங்கள். பாதிக்கு மேல் உண்டுவிட்டு, பில் வந்த பின் முறையிடுவதில் நேர்மை குறைவு. உணவு நன்றாயிருந்தால் அதையும் கூறுங்கள். குறை கேட்டுப் பழகிய சமையற்காரருக்கு நிறைகேட்பது அரிதினும் அரிது.

சொல்லின் விலை

ஓர் உணவகத்தைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எண்ணலாம். குழைந்த நூடுல்ஸ் பெரிய செய்தியன்றுதான். ஆனால் அந்த மகளிர் சங்கக் கூட்டத்தில் பிறந்த சொல்லை மீண்டும் எண்ணிப் பாருங்கள். "என்ன இறைச்சி போடுகிறார்களோ?" இது எவரும் கண்டதன்று, எவரும் உண்டதன்று. சீனர் நடத்தும் கடை என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் இல்லை. நம் தெருவிலுள்ள பிரியாணிக் கடையில் ஒரு நாள் உப்பு மிகுந்தால், "இன்று உப்பு அதிகம்" என்கிறோம். முகம் வேறாக, பெயர் வேறாக உள்ளவர் கடையில் உப்பு மிகுந்தால், "இவர்களே இப்படித்தான்" என்கிறோம். உணவைப் பற்றித் தொடங்கிய பேச்சு எந்தக் கணத்தில் ஓர் இனத்தைப் பற்றியதாக மாறுகிறது என்பதை நாம் உணர்வதேயில்லை.

1962-இல் டாங்ராவின் மக்கள் கண்டது இதன் முற்றிய வடிவத்தைத்தான். அதுவும் பழங்கதையாகிவிடவில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் படைவீரர் 20 பேர் உயிர் நீத்தபோது நாடே துயருற்றது. அந்நாட்களில் மத்திய அமைச்சர் ஒருவர், சீன உணவு விற்கும் உணவகங்களை மூடவேண்டும் என்றார். அவ்வுணவகங்களில் சமைப்பவர் பெரும்பாலும் இந்தியர். வாங்கும் காயும் கோழியும் இந்திய உழவருடையவை. டாங்ராவின் உரிமையாளர்களும் இந்நாட்டில் பிறந்தவர்கள். சீன நாட்டுப் படை செய்ததற்கும் சில்லி சிக்கனுக்கும் என்ன தொடர்பு?

நம் பிள்ளைகள் உணவு மேசையில் கற்பவை பல. கரண்டி பிடிப்பதை மட்டுமன்றி, பிறரைப் பற்றிப் பேசுவதையும் அங்கேதான் கற்கிறார்கள். உணவகத்தில் வாய்மூடி இருந்துவிட்டு வீடு திரும்பியபின் தூற்றும் பெற்றோரைக் கண்டு வளரும் பிள்ளை, அஞ்சுவதையும் புறங்கூறுவதையும் ஒருங்கே பயில்கிறது. "அன்று நூடுல்ஸ் சரியில்லை, சொன்னோம், வேறு கொண்டுவந்தார்கள்" என்று கூறும் பெற்றோரைக் கண்டு வளரும் பிள்ளை, துணிவையும் நியாயத்தையும் பயில்கிறது.

டாங்ராவில் முன்பிருந்த சீனக் குடும்பங்களுள் இன்று எஞ்சியவை சிலவே. கல்லாப்பெட்டியருகே அமர்ந்திருக்கும் அந்த மூதாட்டியாருக்குப் பின் அந்த அடுப்பு எரியுமோ, எரியாதோ! கொல்கத்தா செல்லும் நம் குடும்பத்தினர் அங்குச் சென்றால், மீன் நன்றாக இருந்தால் அதையும், நூடுல்ஸ் குழைந்திருந்தால் அதையும், அவர் முகத்தைப் பார்த்து அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.